ஏஞ்சலுக்குத் துணை தேடியது

அக்காவையும் தங்கையையும் கட்டிய இரண்டு பேர் வளர்ப்பு மீன் கடைக்குள் நுழைந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் வந்தார்கள் என்றாலும், அவர்கள் ஒரே வீட்டு ஆட்கள் என்று கடைக்காரம்மாவுக்குத் தோன்றவே இல்லை. மூத்தவர் இடதுபக்கத் தொட்டிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டார். இளையவன் வலதுபக்கம் போய்விட்டான். நடுவில் ஓர் ஆமைத் தொட்டி. அதிலிருந்த ஆமை இந்தப் பக்கம் ஒருமுறையும் அந்தப் பக்கம் ஒருமுறையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டாள் கடைக்காரம்மா.

"மீன்," என்றார் மூத்தவர்.

"புதுசாத் தொட்டி வாங்கியிருக்கு. நாலடி," என்றான் இளையவன்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா?"

இருவரும் பல்வலிக்காரர்கள் போலத் தலையை ஆட்டினார்கள்.

"தண்ணி எப்ப ஊத்தினீங்க?"

"நேத்து," என்றான் இளையவன்.

"நேத்து மத்தியானம்னு அவர்கிட்டச் சொல்லுங்க," என்றார் மூத்தவர்.

கடைக்காரம்மா இளையவன் பக்கம் திரும்பினாள். "நேத்து மத்தியானமாம்."

"காதுல விழுந்துச்சு. தொட்டி நிறையறதுக்குச் சாயங்காலம் ஆயிடுச்சுன்னு அவருக்குச் சொல்லுங்க."

அவள் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள். "நான் மீன் விக்கிறவ. தபால் ஆபீஸ் நடத்தல. என்ன சொல்லணுமோ என்கிட்டச் சொல்லுங்க, இல்ல உங்களுக்குள்ள பேசிட்டு வாங்க."

அவர்கள் தங்களுக்குள் பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மூத்தவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. உயரமான கட்டடங்களில் கம்பிவடத்தையும் பிரேக்கையும் சோதித்து, எல்லாம் சரி என்று தன் மனசுக்குப் படும்வரை ஒருத்தரையும் ஏறவிடாத மனுஷர். இளையவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வாயால் பிழைக்கிறவன். எந்த மூக்குக்கு எந்தச் சட்டம் எடுக்கும் என்று சொல்லிச் சிரிக்கவைத்தே வியாபாரத்தை முடித்துவிடுவான். ஒரு காலத்தில் இவன் அவரை "அண்ணே" என்பான். அவர் இவனை "தம்பி" என்பார். சகலைகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மாமியாரின் சாவில்தான் எல்லாம் முறிந்தது. அவளுக்கு வயிற்றில் கட்டி. உடனே அறுவை செய்யலாம் என்றார் ஒரு டாக்டர். இளையவனுக்கு மனசு ஒப்பவில்லை. உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போய் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அன்று காலை கடை திறக்கப் போனான். சாயங்காலம் திரும்பி வருவதற்குள் அறுவை முடிந்திருந்தது. மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

சின்ன வயதிலேயே தாயை இழந்தவன் அவன். கல்யாணமான புதிதில் மாமியார் அவன் கடைக்கு வந்து, ஆம்பளைச் சட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, "இதுல நான் போலீஸ்காரன் மாதிரி இருக்கேன்ல?" என்று கேட்பாள். அவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். அப்படிப்பட்டவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன், "யார் சம்மதிச்சது?" என்று கேட்டபோது, "நான்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார் மூத்தவர். "அவசரப்பட்டுக் கொன்னுட்டீங்களேய்யா," என்று நர்ஸுகள் எட்டிப் பார்க்கும்படி கத்தினான் அவன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றோடு சரி.

இப்போது மாமனாருக்குப் பக்கவாதம். முன்பு ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்று, ஓடிமறைகிற ஊர்களைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "ம்ம்" என்ற ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டுதான் வேண்டும், வேண்டாம், போதும், போ எல்லாவற்றையும் சொன்னார். அவர் இருந்தது மூத்தவர் வீட்டில். அக்கா தனியாகத் திண்டாடுகிறாள் என்று தங்கை குடும்பமும் அதே கட்டடத்தின் மாடிக்குக் குடிவந்தது. பெண்கள் இருவரும் முறைபோட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் கைப்பேசியைப் பார்ப்பார்.

மாமனாருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற பெண்தான் அந்த யோசனையைச் சொன்னாள். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, கண்ணுக்கு முன்னால் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் மனசுக்கு நல்லதுதானே என்றாள். அக்கா தங்கை சேர்ந்து தொட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்தார்கள். மீன் வாங்கும் பொறுப்பை வேண்டுமென்றே ஆண்கள் தலையில் கட்டினார்கள். "ரெண்டு பேரும் போனாத்தான் மீன். ஒருத்தர் மட்டும் போனா அந்த மீன் வீட்டுக்குள்ள வராது," என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் சொல்லாமல், "டைகர் பார்ப் கொடுங்க. நல்ல சுறுசுறுப்பா இருக்கு," என்றான் இளையவன்.

"சுறுசுறுப்புதான். பக்கத்துல எதுக்காவது வால் நீளமா இருந்தா கடிச்சுக் குதறிடும்," என்றாள் கடைக்காரம்மா. "அது கெடக்கட்டும். இன்னிக்கு உங்களுக்கு எந்த மீனும் கிடையாது."

"ஏன்?"

"தண்ணி பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும். ஆனா அது இன்னும் பச்சைத் தண்ணி. மீனோட கழிவைத் தின்னு தீர்க்கிற கிருமிங்க ஃபில்டர்ல குடியேறணும். அதுங்க வர்றதுக்குள்ள மீனை விட்டீங்கன்னா, அது தன் கழிவுலயே திணறிச் செத்துப்போகும். செடி வைங்க, ஃபில்டரை ஓட்டுங்க, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாங்க. பொறுத்துத்தான் ஆகணும்."

தண்ணீரைச் சோதிக்க ஒரு சொட்டுமருந்துப் பெட்டி கொடுத்தாள். அதை வாங்கியது மூத்தவர்தான்.

அதற்குப் பிறகு கூடத்தில் தினமும் காலையில் ஒரு காட்சி. மூத்தவர் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பச்சை விழுந்தால் கழிவு தேங்கியிருக்கிறது, ஆகாது. மஞ்சளாகவே இருக்க வேண்டும். மாமனார் நாற்காலியில் சாய்ந்தபடி, மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இளையவன் மாமனாருக்குச் சவரம் செய்துவிடும் சாக்கில் கீழே வருவான். ஆளில்லாத மீன்தொட்டிக்குத் தினமும் சாப்பாடு போடுகிற வீடு இது ஒன்றுதான் என்று மாமனாரின் காதில் சொல்வான். கிழவரின் ஒருபக்க உதடு லேசாக அசையும். அது சிரிப்பா நடுக்கமா என்று தெரியாது.

மூத்தவர் எதற்கும் இவ்வளவு பொறுமையாக இருப்பாரா என்று அவனுக்கு உள்ளுக்குள் புகைந்தது. ஒரு மீனுக்குக் காட்டுகிற நிதானத்தை அன்றைக்கு அத்தைக்குக் காட்டியிருந்தால்? வாய்வரை வந்த கேள்வியைச் சவரக் கத்தியோடு கழுவி வைத்துவிட்டுப் போவான்.

குழாயில் மஞ்சள் நின்றுவிட்ட பிறகு மீன்கள் வந்தன, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் எதையும் தாங்குகிற வரிக்கோட்டு ஜீப்ரா மீன்கள் சில. பிறகு, அடித்தரையில் மீசையை ஆட்டிக்கொண்டு துழாவும் குட்டிக் கெளுத்திகள். ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்து போனார்கள். கடைக்காரம்மாவிடம் கேட்கிற கேள்விகளே அவர்களுக்கு ஒரு பாஷையைக் கொடுத்தன. இது கூட்டமாக இருக்குமா, தனியாக இருக்குமா? மேலே நீந்துமா, நடுவிலா, அடியிலா? எவ்வளவு பெரிதாகும்? "நடுவுலதான் காலியா இருக்கு," என்று மூத்தவர் தொட்டியைப் பார்த்துச் சொல்வார். "அப்ப நடுவுல நீந்துறதாப் பார்க்கணும்," என்று இளையவன் அதே தொட்டியைப் பார்த்துச் சொல்வான். அதைப் பேச்சு என்றும் சொல்ல முடியாது, பேசவில்லை என்றும் சொல்ல முடியாது.

நடுவில் நீந்துவதற்கென்று அவன் தேர்ந்தெடுத்தவை நியான் டெட்ராக்கள். தீக்குச்சி அளவுகூட இல்லாத உடம்பு. பக்கவாட்டில் நீலமாக ஒரு கோடு, அடியில் சிவப்பு. விளக்கைப் போட்டால் யாரோ தண்ணீருக்குள் கோடு கிழித்துவிட்டு ஓடுவது போல இருக்கும். அவை தொட்டியில் விடப்பட்ட அன்று, வெகுகாலத்துக்குப் பிறகு இரண்டு குடும்பமும் கூடத்தில் ஒன்றாகச் சாப்பிட்டது. மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டே, "நல்ல தேர்வு," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அது தனக்கு என்று எடுத்துக்கொள்வதா விடுவதா என்று அவன் படுக்கப்போகும் வரை யோசித்தான்.

பிறகு ஒரு காலையில் அவன் சவரச் சாமான்களோடு கீழே இறங்கி வந்தான். அக்கா அடுப்படியில் இருந்தாள். மூத்தவர் தொட்டிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தொட்டியின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளியில் கறுப்புப் பட்டை போட்ட ஏஞ்சல் மீன் ஒன்று அசையாமல் நின்றது. மேலும் கீழும் துடுப்பு பாய்மரம் போல நீண்டிருந்தது. அழகு என்றால் அழகு, கண்ணெடுக்க முடியாத அழகு. ஜீப்ராக்கள் மேலே ஓர் ஓரமாக ஒண்டியிருந்தன. கெளுத்திகள் கல்லுக்கடியில். நியான்கள் எங்கே என்று தேடினான். செடிக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். ஃபில்டருக்குப் பின்னால் பார்த்தான். ஒன்றே ஒன்று, வால் கிழிந்து, செடிவேரில் ஒளிந்திருந்தது.

"யார் இதை விட்டது?"

மூத்தவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைத்தான் கேக்குறேன்." நான்கு வருஷத்தில் அவரை நேராகப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "ஏஞ்சல் வளர்ந்துடுச்சுன்னா சின்ன மீனைத் தின்னுடும்னு அந்தம்மா நம்ம ரெண்டு பேருக்கும்தானே சொன்னாங்க?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"நேத்து சாயங்காலம் நான் வந்து பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டு வெச்சேன். காலையில தனியா எடுத்துடலாம்னு இருந்தேன்."

"விட்டு வெச்சீங்க." அவன் குரல் உயர்ந்தது. "தினம் குழாயைத் தூக்கிப் பிடிச்சுப் பார்க்கத் தெரியுது. இது தெரியல? அன்னிக்கும் இப்படித்தான். உங்களுக்கா ஒண்ணு தோணிச்சுன்னா அதோட முடிஞ்சுது. மத்தவங்க எல்லாம் பொணம் தூக்குறதுக்கு மட்டும் வரணும்."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. மாமனார் நாற்காலியிலிருந்து "ம்ம், ம்ம்" என்று இடது கையை ஆட்டினார். எதை நிறுத்தச் சொல்கிறார், யாரை நிறுத்தச் சொல்கிறார் என்று இருவருமே பார்க்கவில்லை.  மூத்தவர் வேலைப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவன் சவரம் செய்யாமலேயே மாடியேறினான். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளாமல் கடைக்குப் போய்விட்டான்.

கடையின் பின்கட்டில் கண்ணாடி தேய்க்கிற இயந்திரம் இருந்தது. கோபம் வந்தால் அவனுக்கு அதுதான் புகலிடம். வில்லையை அச்சில் பூட்டி ஓடவிட்டால் தண்ணீர் பீய்ச்சும். உலகத்துச் சத்தம் எதுவும் கேட்காது. அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தபோது மனைவி வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கூந்தல் ஈரம் காயவில்லை. உள்ளே வந்து, வாடிக்கையாளர் உட்காரும் உயர்ந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மெஷினை நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினான்.

"அந்த மீனை வாங்கினது நான்."

அவன் கையைத் துடைத்தபடி அவளையே பார்த்தான்.

"நேத்து அப்பாவைச் சக்கர நாற்காலியில வெச்சு அந்தத் தெருப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். மீன் கடை வாசல்ல 'ம்ம்'னு நிறுத்தச் சொன்னார். கையைக் காட்டினார். இதைன்னு விரலை நீட்டினார். அவர் இது வேணும்னு ஒரு பொருளைக் காட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா? சோறுகூட நாமளா வாயில வெச்சாத்தான். அந்தம்மா சொன்னாங்க, சின்னதெல்லாம் இருந்தா பார்த்துக்கங்கம்மான்னு. நான் கேட்டுக்கிட்டேன். தெரியாம வாங்கல. ஆனா அப்பா சிரிச்சார். நிஜமாவே சிரிச்சார். அதுக்கு மேல வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"அவருக்குத் தெரியுமா? உங்க அத்தானுக்கு?"

"சாயங்காலம் வந்த உடனே பார்த்தார். வலையை எடுத்துட்டுப் போனார். அப்பா சத்தம் போட்டார். நானும் இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமேன்னு கெஞ்சினேன். சரின்னு வலையை வெச்சுட்டார். நீங்க கோவிப்பீங்கன்னு நான் அழுதேன். 'நான் பேசிக்கிறேன், நீ மேல போ'ன்னார்."

"பார்த்துட்டுத்தான் விட்டு வெச்சேன்னு சொன்னாரு."

"அதுவும் உண்மைதானே? அத்தான் பொய் சொல்ல மாட்டார்." அவள் முகம் பார்க்கும் கண்ணாடிகள் வரிசையாக மாட்டியிருந்த சுவரைப் பார்த்தாள். எல்லாக் கண்ணாடியிலும் அவள் சிறிதாகத் தெரிந்தாள். "அன்னிக்கும் பொய் சொல்லல. கையெழுத்துப் போட்டது அவர்தான்."

அவனுக்குப் புரியவில்லை. அல்லது, புரிய ஆரம்பித்ததை அவன் மனசு உள்ளே விடவில்லை.

"போடச் சொன்னது நான்."

வெளியே தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள்.

"நீங்க வேணாம்னு சொல்லிட்டுப் போனீங்க. நானும் டாக்டர்கிட்ட அப்படியே சொல்றேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். மத்தியானம் அம்மாவுக்கு வலி வந்துச்சு. நீங்க பார்க்கல அதை. கட்டிலோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு... என்னைப் பார்த்து, ஏதாவது பண்ணச் சொல்லுடின்னாங்க. அக்கா வெளிய உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தா. அப்பா எதுவும் பேசல. அத்தான்கூடச் சொன்னார், சின்ன மாப்பிள்ளை வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்னு. நான்தான் போடுங்க, போடுங்கன்னு அவர் கையைப் பிடிச்சு இழுத்தேன். உங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். பண்ணா நீங்க வேணாம்னு சொல்வீங்கன்னு பண்ணல."

அவன் இன்னொரு முக்காலியில் உட்கார்ந்தான். கையில் பாதி தேய்த்த வில்லை. அதன் விளிம்பு விரலில் குத்திக்கொண்டே இருந்தது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

"நாலு வருஷமா?" என்றான்.

"தினமும் சொல்லிடணும்னு நினைப்பேன். நீங்க அவரைப் பத்தித் திட்டும்போதெல்லாம் சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். அந்தத் திட்டெல்லாம் எனக்குன்னு நினைச்சா வாய் மூடிக்கும். இன்னிக்கு அக்கா மேல வந்து, அத்தானை நீங்க பொணம் அது இதுன்னு பேசிட்டீங்கன்னு சொல்லி அழுதா. இதுக்கு மேலயும் சும்மா இருந்தா நான் மனுஷியே இல்லை." அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள். "திட்டுறதா இருந்தா இங்கயே திட்டிடுங்க. வீட்டுல அப்பா இருக்கார்."

அவன் திட்டவில்லை.  அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான், அவளை ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. கோபம் வரும் என்று காத்திருந்தான். வந்தது, ஆனால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றது. அவளை நினைத்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தையின் கைதான் கண்ணுக்குள் வந்தது. தான் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்? நிச்சயமாக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போமா? இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியை அவன் தன்னிடம் கேட்டதே இல்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் கைவசம் இருந்ததால் கேட்கத் தேவை வரவில்லை.

மத்தியானம் கடையைச் சாத்தினான். மூத்தவர் அந்த வாரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடம் எது என்று அவனுக்குத் தெரியும். பேசாத மனுஷரின் விவரமெல்லாம் எப்படித்தான் தெரிந்து வைத்திருந்தானோ. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் 'பழுது' என்று பலகை. மூத்தவர் தரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் மூடியை மறுபடி மூடினார்.

"மாமாவுக்கு என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கார்." அவன் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தான். "அவ எல்லாம் சொல்லிட்டா."

மூத்தவர் கைத்துணியால் விரலிடுக்குகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே கிரீஸ் இல்லை. இருந்தும் துடைத்தார்.

"ஏன் சொல்லல நீங்க?"

"சொல்லியிருந்தா யாரைத் திட்டியிருப்பே?"

அவன் 'பழுது' பலகையைப் பார்த்தான்.

"அன்னிக்கு வராந்தாவுல நீ இருந்த நிலைமை உனக்குத் தெரியாது. என்கூடப் பேசலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. நான் வேற வீட்டு ஆளு. அவகூடப் பேசலைன்னா? ராத்திரி எந்த வீட்டுக்குப் போவே? அப்புறம்..." அவர் நிறுத்தினார். "நானும் கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாம்ல. பேனா என் கையிலதானே இருந்துச்சு. அதனால முழுக்க அடுத்தவங்க பழியைச் சுமந்தேன்னு சொல்ல முடியாது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றான் அவன்.  "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு குழந்தை மாதிரி வெளிய உக்கார வெச்சுட்டீங்க. அவ தனியா அழுதிருக்கா. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு உங்களைத் திட்டியிருக்கேன். திட்டுறதோ மன்னிக்கிறதோ, அது என் பாடு. அந்த வழியைக்கூட நீங்க அடைச்சுட்டீங்க."

மூத்தவர் யோசித்தார். எதையும் உடனே ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். ஒத்துக்கொள்வது போல நடிக்கிறவரும் இல்லை.

"ஆமா," என்றார் கடைசியில். "அப்படியும் ஒண்ணு இருக்கு. நான் அதை யோசிக்கல."

 பிறகு அவர் டப்பாவைத் திறந்து நடுவில் நகர்த்தி வைத்தார். அவனும் கை கழுவ எழுந்தான்.

"காலையில பேசினது ரொம்பத் தப்புண்ணே," என்று குழாயடியிலிருந்து, திரும்பாமலே சொன்னான்.

"சாப்பிடு. ஆறிடும்."

மீன் கடைக்கு அன்று சாயங்காலமே போனார்கள். கடைக்காரம்மா இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன, தபால் ஆபீசை மூடிட்டீங்களா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும், "ஏஞ்சலைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நான் எடுத்துக்கறேன். அதான் சுலபம்," என்றாள்.

அதுதான் சுலபம். வருகிற வழியில் அவனும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் கிளம்பும்போது கூடத்தில் பார்த்திருந்தான்: மாமனார் நாற்காலியை விட்டு ஒரு சாண் முன்னால் நகர்ந்து, தானாகவே கழுத்தை நீட்டி, ஏஞ்சல் போகிற பக்கமெல்லாம் கண்ணைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அது திரும்பினால் அவரும் திரும்பினார்.

"அது இருக்கட்டும்," என்றான். "அதுக்குத் தகுந்த மாதிரி மத்ததைச் சேர்த்துக்கறோம். என்னண்ணே?"

"மிச்சம் இருக்கிற அந்த ஒரு நியான்?"

"அதை இங்க இவங்க தொட்டியில விட்டுடலாம். கூட்டத்தோட இருக்கட்டும்."

கடைக்காரம்மா தொட்டி தொட்டியாகக் கூட்டிப்போனாள். "அது வாய்க்குள்ள போகாத உடம்பு வேணும். அது துடுப்பைக் கடிக்காத குணம் வேணும். ரெண்டும் இருந்தாத்தான் ஒத்துவரும்." டைகர் பார்பைத் தாண்டிப் போகும்போது அவனைப் பார்த்துச் சிரித்தாள். "இது உங்களுக்குப் பிடிக்கும். ஆனா ஆகாது." கடைசியில் காங்கோ டெட்ராவின் முன் நின்றாள். விரல் நீளம், அகலமான உடம்பு. செதிலில் நீலமும் பொன்னும் மாறி மாறி ஓடியது. கூட்டமாகத்தான் வைக்க வேண்டும், சாதுவான மீன் என்றாள். "ஆனா ஒண்ணு. புதுசா விடும்போது ஏஞ்சல் கொஞ்சம் விரட்டும். அது தன் இடம்னு நினைச்சுக்கிட்டிருக்கும். தொட்டியில செடியையும் கல்லையும் இடம் மாத்தி வெச்சுட்டு விடுங்க. எல்லாருக்கும் புது வீடு மாதிரி ஆயிடும். அப்பவும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஒவ்வொரு மீனும் ஒரு குணம். பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்."

வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு இருவரும் தொட்டிக்குள் கையை விட்டார்கள். மூத்தவர் கல்லைத் தூக்கிப் பிடிக்க, அவன் செடியைப் பிடுங்கி வேறு மூலையில் நட்டான். தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாமல் போனது. ஏஞ்சல் ஒரு மூலையில் கோபமாக நின்றது. அக்கா தரையெல்லாம் ஈரம் என்று கத்திக்கொண்டே துணியோடு வந்தாள். தங்கை, அவன் மனைவி, மாடிப்படியின் நடுவில் நின்றிருந்தாள். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அவள் கடையிலிருந்து போன பிறகு அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. என்ன பேசுவது என்று இன்னும் அவனுக்குத் தெரியவில்லை. அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று மட்டும் தெரிந்தது. திட்ட வேண்டியது இருக்கிறது, கேட்க வேண்டியது இருக்கிறது. அத்தை கடைசியாக என்ன பேசினாள் என்பதை இனிமேல்தான் அவன் தெரிந்துகொள்ளப் போகிறான்.

"அந்த மீன் பையை எடுத்துட்டு வா," என்றான் அவளிடம். "என் கை ஈரமா இருக்கு."

அவள் இறங்கி வந்தாள். மீன் பையை எடுத்துத் தண்ணீரின் மேல் மெல்ல மிதக்கவிட்டாள். உள்ளிருக்கிற தண்ணீரும் வெளியே இருக்கிற தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். அதுவரை திறக்கக் கூடாது. நான்கு பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மாமனார் "ம்ம்" என்றார்.

"இருங்க மாமா," என்றார் மூத்தவர். "கொஞ்ச நேரம் ஆகும்."

பையைத் திறந்ததும் புது மீன்கள் ஒரே கொத்தாக வெளியே வந்து, கலங்கலுக்குள் மறைந்தன. ஏஞ்சல் அவற்றின் பின்னால் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. அக்கா வாயில் கையை வைத்தாள். மீன்கள் சிதறி, செடிக்கு அந்தப் பக்கம் போய் மறுபடி ஒன்றுசேர்ந்தன. ஏஞ்சல் நின்றது. இன்னொரு முறை பாய்ந்தது, முன்னளவு வேகமில்லாமல். பிறகு துடுப்பை விரித்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஒரு சுற்றுப் போனது.

"ஒத்துப்போகுமா?" என்று கேட்டாள் அவன் மனைவி, யாரையும் பார்க்காமல்.

"பார்ப்போம்," என்றான் அவன். அவளுக்கு இடம்விட்டு ஓரடி நகர்ந்து நின்றான்.